பூசுறது கெடக்கட்டும், தட்டிப் பாத்தீங்களா தம்பி?

வாங்க தம்பி, வாங்க. ஜீப்பை அந்தப் புளியமரத்து நெழல்ல நிறுத்திக்குங்க. வெய்யல்ல நின்னா சீட்டு அடுப்பாட்டம் ஆயிரும். கதவைச் சாத்துன சத்தத்துலயே தெரிஞ்சு போச்சுங்க, புது ஆளுன்னு. பழைய ஆளுங்க கதவைச் சாத்தவே மாட்டாங்க. எறங்கி ஒரு பார்வை, ஏறி ஒரு போக்கு. எஞ்சின் ஓடிக்கிட்டே இருக்கும். அணைக்கு வர்ற ஜீப்பு அணையாமயே நிக்கறது எங்கூர்ல வழக்கமுங்க.

பின்னால அது என்னங்க, எட்டு மூட்டை? ரிப்பேருக்குன்னே வர்ற பொடிங்களா? தண்ணி ஊத்திக் கலக்கிப் பூச வேண்டியதுதான்னு மூட்டையிலயே படம் போட்டிருப்பானே. படத்துல இருக்கறவன் வேர்க்காம சிரிச்சுட்டு நிப்பான். நல்லா இருக்கட்டும். டீ சொல்றேன், உக்காருங்க. சக்கரை கம்மியா, எச்சாவா?

எனக்கு வயசு 82 ஆகுதுங்க. என்ற அய்யன் ஏரிக்குக் கலிங்கு கட்டுன ஆளு. சுண்ணாம்புல கடுக்காத் தண்ணியும் வெல்லத் தண்ணியும் ஊத்தி அரைச்ச காலம். நான் சிமெண்டுக்கு வந்தவன். இந்த அணையில என்.எம்.ஆர். தெனக்கூலியா வருசக்கணக்கா ஒட்டு போட்டிருக்கேன். அணையோட பேரை மட்டும் கேக்காதீங்க, சொல்ல மாட்டேன். சொன்னா அக்கட்டால ரெண்டு பேருக்கு ரத்தக்கொதிப்பு ஏறும். ஒருத்தரு ரிட்டையர் ஆயிட்டாருங்க, பாவம், பேரன் பேத்தியோட நல்லா இருக்காரு.

நீங்க அவசரத்துல வந்திருக்கறதால மொதல்ல சுருக்கு வழியைச் சொல்லிப்போடறேன். எனக்கு முன்னால வந்தவங்க எல்லாரும் அதைத்தான் பண்ணுனாங்க, ஒருத்தருக்கும் சம்பளம் நிக்கல. ஸ்பில்வே சறுக்குல எங்க கான்கிரீட் பேந்து கெடக்குதோ அங்க ஒரு சித்தாளை விட்டு வெளக்கமாத்துல கூட்டச் சொல்லுங்க. பாசியை எடுக்க வேண்டாம், அது பாட்டுக்கு உள்ள பத்திரமா இருக்கட்டும். உச்சி வெய்யல்ல, கல்லு காஞ்சு கொதிக்கறப்ப, கலவையைக் கொண்டாந்து ஓரமெல்லாம் தோசையாட்டம் மெல்லிசா இழுத்து விடுங்க. கரணையைப் போட்டு நாலு தேய் தேச்சா மூஞ்சி தெரியும். ஈரம் காயறதுக்குள்ள போட்டோ புடிச்சிரோணும். அப்பறம் பேரு எழுதி, தொகை எழுதி, போர்டு வையுங்க. போர்டுக்கு மட்டும் நல்ல கான்கிரீட் போடுங்க தம்பி. இந்த அணையில இன்னைக்கு வரைக்கும் அசையாம நிக்கறது அந்த மாதிரி போர்டு மூணுதான்.

ஒட்டும் ஓட்டும் ஒண்ணுதானுங்க. போட்ட அன்னைக்குப் பளபளன்னு இருக்கும். ஆடி பதினெட்டுக்குத் தண்ணி தெறந்தா, உங்க ஒட்டு காவேரியில கலந்து பூம்புகார் வரைக்கும் போயிட்டு வரும். போயிட்டுத் திரும்பி வராது, அவ்வளவுதான்.

என்ன சிரிக்கறீங்க? அந்த மாதிரிப் பண்ண மாட்டீங்களா? அப்படீன்னா டீயைக் குடிச்சுட்டு எறங்குங்க என்கூட. செருப்பைக் கழட்டிருங்க, வழுக்கும். அந்தச் சுத்தியலை எடுத்துக்குங்க. டேப்பு இங்கயே இருக்கட்டும்.

இதா, ஏழாம் கண்ணுக்குக் கீழ மூணாவது பலகை. இங்க தட்டுங்க. டங்குன்னு கேட்டுதா? அது கல்லு. ரெண்டு அடி தள்ளித் தட்டுங்க. டொப்புன்னு கேக்குதில்ல? மேல பாத்தா ரெண்டும் ஒரே நெறம், ஒரே வழுவழுப்பு. சந்தையில சட்டி வாங்கற பொம்பளை தட்டிப் பாக்காம காசு குடுப்பாளா? அம்பது ரூவாச் சட்டிக்கு அத்தனை சோதனை. கோடி ரூவா எஸ்டிமேட்டை மட்டும் ரோட்டு மேல நின்னு, கண்ணுக்கு மேல கையை வச்சு, "ஒரு முன்னூறு சதுர மீட்டர் இருக்குமா?"ன்னு எழுதிக்குவாங்க. நீங்க சாக்பீஸ் எடுத்து டொப்புன்னு கேக்கற எடத்தையெல்லாம் வட்டம் போடுங்க. எடம் பெருசா இருந்தா சங்கிலியை இழுத்துட்டு நடந்தாலே போதும், சத்தம் மாறறது காதுக்குத் தெரியும். முன்னூறுன்னு எழுதுனது அறுநூறு ஆகலாம். அப்படி ஆனா நீங்க சரியாப் பாத்திருக்கீங்கன்னு அர்த்தம்.

இப்ப குனிஞ்சு பாருங்க. இந்த வெடிப்பு ஓரத்துல திருநீறு பூசுனாப்புல வெள்ளையா இருக்குதே, தொட்டுப் பாருங்க. அது உப்பில்லீங்க. உள்ள போன தண்ணி கான்கிரீட்டுல இருக்கற சுண்ணாம்பை நக்கி எடுத்துட்டு வந்து வெளிய துப்புனது. வெள்ளை இருந்தா தண்ணிக்கு உள்ள ஒரு வழி இருக்குதுன்னு எழுதிக்குங்க. அதுக்குப் பக்கத்துல வெத்தலை எச்சியாட்டம் செவப்பா ஒரு கோடு எறங்குது பாருங்க. அது கம்பி அழுகறது. சிமெண்டுக்குள்ள இருக்கற காரம் இருக்கற வரைக்கும் கம்பிக்கு ஒண்ணும் ஆகாது. வருசக்கணக்கா காத்துல இருக்கற கரியமில வாயு உள்ள எறங்கி அந்தக் காரத்தை மட்டுப்படுத்திப் போடும். அப்பறம் ஈரமும் காத்தும் சேந்தாப் போதும், துரு. துருப்புடிச்ச கம்பி ரெண்டு பங்கு மூணு பங்கு பெருக்கும். பெருத்தது எங்க போகும்? மேல இருக்கற கான்கிரீட்டைப் பேத்துட்டுத்தான் வெளிய வரும். அதை நாம "மழையில பேந்துருச்சுங்க சார்"னு ரிப்போர்ட் எழுதுவோம். மழை என்னங்க பண்ணுச்சு, பாவம்.

அதுக்கும் கீழ, இந்த ஓட்டையில கோரைப்புல்லு மொளைச்சிருக்கு பாருங்க. இது என்ன ஓட்டைன்னு தெரியுதா? பலகைக்கு அடியில ஊறற தண்ணி வெளிய வர்றதுக்குக் கட்டுனப்பவே விட்ட வடிகால் ஓட்டை. இந்த வரிசையில பன்னெண்டு இருந்துச்சு. இப்ப எண்ணுங்க. ஏழு. மீதி அஞ்சு எங்கன்னா, ஒரு கான்ட்ராக்டர் ஒட்டுப் போட வந்தப்ப, "தளம் ஒரே மட்டமா வழுவழுன்னு இருக்கோணும்"னு ஒரு ஆபீசர் சொன்னாரு. சொன்னவரு நல்ல மனுசன், சுத்தமா இருக்கோணும்னு ஆசை. ஓட்டையையும் சேத்துப் பூசிட்டாங்க. நாந்தான் பூசுனேன். "ஏனுங்க, இது மூக்குத் தொளைங்க"ன்னு சொன்னேன். "கெழவா, வேலையைப் பாரு"ன்னாங்க. அப்ப நான் கெழவனே இல்லீங்க, நாப்பத்தஞ்சு வயசு. அந்த ஒரு குறைதான் எனக்கு.

மூக்கை அடைச்சா என்ன ஆகும்னு அமெரிக்காக்காரனைக் கேக்கோணும். என்ற பேரன் போன்ல காட்டுனான். கலிபோர்னியாவுல ஓரோவில்னு ஒரு அணை. 770 அடி ஒயரம், அந்த நாட்டுலயே எல்லாத்தையும் விட ஒசந்தது. 1968-ல கட்டி முடிச்சது. மேட்டூரு நம்ம தாத்தா காலத்து 1934-ங்க. அதோட வெச்சுப் பாத்தா ஓரோவிலு எளவட்டம். 2017 பிப்ரவரி 7-ந்தேதி, மாமூலாத் தண்ணி விட்டுட்டு இருக்கறப்ப, ஸ்பில்வே சறுக்குல நடுவாந்திரத்துல ஒரு குழி விழுந்துச்சு. அப்ப விட்டது 52 ஆயிரம் கியூசெக்குச் சில்லறை. அந்தச் சறுக்கு அதை விடப் பல மடங்கு தாங்கறதுக்குன்னு கட்டுனது. குழி விழுந்ததும் தண்ணியைக் கொறைச்சாங்க, அணை ரொம்புச்சு, அவசரத்துக்குன்னு வச்சிருந்த பக்கத்துக் கலிங்கு மேல முதல்முதலா வழிஞ்சுச்சு. அதுக்குக் கீழ கான்கிரீட் தளம் கெடையாது, வெறும் மலைச்சரிவு. அது கரைய ஆரம்பிச்சதும் 12-ந்தேதி ஊரைக் காலி பண்ணச் சொன்னாங்க. ஒரு லட்சத்து 88 ஆயிரம் பேரு தம்பி, சட்டி பானையைத் தூக்கிட்டு. அணை நின்னுது, ஜனமும் திரும்பி வந்துச்சு. ரிப்பேருக்கு ஆன செலவு நூத்திப் பத்து கோடி டாலர்.

அப்பறம் பெரிய பெரிய இஞ்சினியருங்க ஒக்காந்து என்னதான் ஆச்சுன்னு பாத்தாங்க. 2018 ஜனவரியில அறிக்கை வந்துச்சு. அந்தச் சறுக்குல வடிகால் குழாயிருக்கற எடத்துக்கு மேல பலகை மெல்லிசு. கட்டி முடிச்ச கொஞ்ச நாள்லயே, குழாயோட்டம் எப்படியோ அப்படியே மேல வெடிப்பு விட்டிருக்குது. அடியில இருந்த பாறையும் சில எடத்துல உளுத்த பாறை. வெடிப்பைப் பாத்தாங்க, பூசுனாங்க. மறுபடி விட்டுச்சு, மறுபடி பூசுனாங்க. வடிகால்ல எதிர்பாத்ததுக்கு மேல தண்ணி வந்துச்சு. "சரி, இந்தச் சறுக்கு இப்படித்தான்"னு பழகிட்டாங்க. வருசா வருசம் ஆளு வந்து பாத்து, எல்லாம் நல்லாத்தான் இருக்குதுன்னு எழுதிட்டுப் போயிருக்காங்க. கட்டுன காலத்துக் காகிதத்தை எடுத்து ஒழுங்காப் படிச்சிருந்தா ஆரம்பத்துலயே தெரிஞ்சிருக்கும். நாம என்னமோ நம்ம ஆளுங்க மட்டுந்தான் இப்படீன்னு நெனைச்சுட்டு இருந்தோம். எனக்கு ஒரு அல்ப சந்தோசம்தானுங்க, பொய் சொல்ல மாட்டேன்.

என்ன நடந்துச்சுன்னா, சறுக்குல தண்ணி வேகமா ஓடறப்ப வெடிப்புலயும் சந்துலயும் புகுந்து பலகைக்கு அடியில போயிருது. மேல ஓடற தண்ணிக்கு அவசரம், அது அமுக்காது. உள்ள போய் நின்ன தண்ணிக்குத்தான் நேரம் இருக்குது, அது மேல தள்ளும். பருப்புப் போசிக்கு மூடி போட்டு வச்சா மூடி எப்படித் துள்ளுது? அத்தனை பெரிய கான்கிரீட் பலகையும் அப்படித்தான். ஒரு பலகை எந்திரிச்சாப் போதும், அடுத்ததையெல்லாம் ஆத்துத் தண்ணியே கழட்டிரும். நீங்க மேல பூசற அந்தப் பொடி, மூடிக்குப் பெயிண்டு அடிக்கறாப்புல. போசி உள்ள கொதிச்சுக்கிட்டே இருக்கும்.

இந்தச் சந்துல வெரலை வச்சுத் தேச்சுப் பாருங்க. மேல் பலகையை விடக் கீழ்ப் பலகை ஒரு நூலு தூக்கலா நிக்குதில்ல? ஓடற தண்ணிக்கு எதுக்க ஒரு படியாட்டம். தண்ணி இதுல மோதி நிக்கும், நின்ன தண்ணி சந்துக்குள்ள எறங்கும். இந்த ஒரு நூலை மொதல்ல சீவுங்க. உங்க ஒட்டு இதைவிட ஒசந்து நின்னுச்சுன்னா, நீங்களே தண்ணிக்குப் படி கட்டிக் குடுத்த மாதிரி. கல்யாண வீட்டு வாசப்படி இல்லீங்க இது.

கீழ ஏப்பரனைப் பாருங்க, தண்ணி விழுந்து வேகம் அடங்கற தொட்டி. தளம் எப்படி இருக்குது? குழி குழியா, ஒவ்வொரு குழியும் உரலாட்டம், உள்ள வழுவழுன்னு. அந்தக் குழிக்குள்ள பாருங்க, நாலு உருண்டைக் கல்லு, முட்டையிட்டு வச்சாப்புல. இது வெறும் வயசானதால வந்த சீக்கு இல்லீங்க. இது ஆட்டுக்கல்லு. தண்ணி சுத்தறப்ப கல்லு உள்ளயே சுத்திச் சுத்தி மாவு ஆட்டுது. மாவு என்னன்னா உங்க கான்கிரீட்டு. பென்சில்வேனியாவுல கின்சுவான்னு ஒரு அணை, 1965-ல கட்டுனது. அதுலயும் இதே கதை. ஷட்டரை ஒரு பக்கம் மட்டும் தெறந்து விட, தண்ணி சுழிச்சுட்டுத் திரும்பி, கீழ ஆத்துல கெடந்த கல்லையெல்லாம் தொட்டிக்குள்ள வாரிப் போட்டிருக்குது. எழுபத்து மூணு எழுபத்து நாலுல இரும்பு நாரு கலந்த கான்கிரீட் போட்டாங்க. அதையும் ஆட்டிருச்சு. 1983-ல சிலிகா புகைத்தூள் கலந்து கருங்கல்லாட்டம் ஒரு கான்கிரீட் போட்டாங்க, அது நின்னுது. ஆனா நம்ம ஆளுங்க கதையில பாதியை மட்டுந்தான் கேப்பாங்க. "எந்தப் பொடிங்க? என்ன வெலைங்க?" கல்லை வாரி வெளிய போடறதும், ஷட்டரை ரெண்டு பக்கமும் சமமாத் தெறக்கறதும் யாரும் கேக்கறதில்ல. அதுக்கு டெண்டரு கெடையாது பாருங்க. நாலு ஆளு, ரெண்டு கூடை, ஒரு நாள் கூலி. அத்தனை சின்னத் தொகைக்கு எஸ்டிமேட்டு எழுதறது கௌரவக் கொறைச்சல்.

இங்க ஷட்டரை எப்படித் தெறப்பாங்கன்னு கேக்கறீங்களா? எந்த ஷட்டரு மோட்டாரு ஓடுதோ அதைத் தெறப்பாங்க.

வேகமா ஓடற தண்ணியில இன்னொரு வித்தை இருக்குது. ஒரு சின்ன மேடு, ஒரு சின்னப் பள்ளம் இருந்தா, அதைத் தாண்டற தண்ணியில அழுத்தம் கொறைஞ்சு குமிழு விடும். கொஞ்சம் தள்ளிப் போயி அந்தக் குமிழு ஒடையும். ஒடையறப்ப உளி வச்சு அடிச்சாப்புல கான்கிரீட்டைக் கொத்தும். வெறும் குமிழுதானேன்னு நெனைக்காதீங்க. 1983-ல கொலராடோ ஆத்துல கிளென் கேன்யன்னு ஒரு அணை. வெள்ளம் வந்து, ஸ்பில்வே சொரங்கத்துல தண்ணி விட்டாங்க. குமிழே கொத்திக் கொத்தி 32 அடி ஆழத்துக்குக் குழி தோண்டிருச்சு. கான்கிரீட்டைத் தாண்டி, பாறையையும். சொரங்கத்துல அதிகமா விட முடியல, அணையோ ரொம்புது. ஷட்டர் மேல ஒட்டுப்பலகையை நட்டு நிறுத்தி நாலடி ஒசத்துனாங்க தம்பி! மாரியாத்தா பண்டிகைப் பந்தலுக்கு அடிக்கறமே, அதே ஒட்டுப்பலகை. நாம பண்ணியிருந்தா உலகமே சிரிச்சிருக்கும். அப்பறம் இரும்புப் பலகை போட்டாங்க, வெள்ளம் வடிஞ்சுது. அதுக்கு மருந்து என்ன தெரியுமா? குழியை நல்லா அடைச்சு, மட்டம் பண்ணி, சொரங்கத்துல ஒரு காடி வெட்டி விட்டாங்க. அது வழியா தண்ணிக்குள்ள காத்துப் போகும். காத்துக் கலந்த தண்ணி மெத்தையாட்டம், குமிழு ஒடைஞ்சாலும் அடி விழாது. காத்தைக் கலந்து கான்கிரீட்டைக் காப்பாத்துன கதைங்க. நம்ம அணை அத்தனை ஒயரமில்ல, நமக்கு அந்தக் காடி வேண்டியதில்ல. ஆனா கரணையில மேடு பள்ளம் விடாம முடிக்கோணும்னு எதுக்குச் சொல்றாங்கன்னு இப்பத் தெரியுதில்ல.

சரி, வெய்யல் ஏறுது. வேலை எப்படீன்னு கேட்டீங்கன்னா, சொல்றேன். எழுதிக்க வேண்டாம், கையில பண்ணுனா மறக்காது.

சாக்பீஸ் வட்டத்துக்கு வெளிய ஒரு சாண் தள்ளி, நல்ல கான்கிரீட்டுல, சதுரமா மெசின் போட்டு அறுங்க. முக்கால் அங்குல ஆழம் போதும், கம்பியை அறுத்துராதீங்க. ஓரம் செங்குத்தா இருக்கோணும். தோசையாட்டம் மெல்லிசா முடிஞ்ச ஓரத்தைத் தண்ணி நகத்துல உரிக்கற மாதிரி உரிச்சிரும். உள்ள ஒடைக்கறப்ப பெரிய பிரேக்கர் வேண்டாம். ரோடு ஒடைக்கற அந்தப் பெரிய மெசினை இங்க கொண்டாந்தா, கெட்டதை எடுக்கறேன்னு நல்லதுலயும் உள்ளுக்குள்ள மயிரிழை விட்டுரும். அதோட மேல போட்ட ஒட்டு பேந்து வரும். சின்ன மெசின், இல்லாட்டித் தண்ணியை அழுத்தமா அடிச்சு ஒடைக்கற மெசின் கெடைச்சா உத்தமம். கம்பி தெரிஞ்சுதா? அதோட நிறுத்திராதீங்க. கம்பிக்குப் பின்னால என் வெரலு நுழையற அளவுக்குத் தோண்டோணும், அப்பத்தான் புதுக் கான்கிரீட் கம்பியைச் சுத்திப் புடிக்கும். பாதிக் கம்பியைப் புடிச்சுட்டு நிக்கற ஒட்டு, பஸ்ஸுல படிக்கட்டுல தொங்கற ஆளாட்டம். துருவை மணலை அடிச்சு எடுங்க. நெம்ப இளைச்ச கம்பியா இருந்தா பக்கத்துல ஒண்ணு சேத்துக் கட்டுங்க.

அப்பறந்தான் ஈரம். முந்தின நாளே பழைய கான்கிரீட்டுக்குத் தண்ணி குடுக்க ஆரம்பிச்சிரோணும். அது குடிச்சு முடிச்சிருக்கோணும். போடறப்ப மேல தண்ணி மினுங்கக் கூடாது, கருகருன்னு இருக்கோணும், அவ்வளவுதான். காஞ்ச கல்லுல போட்டீங்கன்னா புதுசுல இருக்கற தண்ணியை உறிஞ்சிப்போடும். தேங்குன தண்ணியில போட்டீங்கன்னா ஒட்டவே ஒட்டாது. மாட்டுக்குத் தண்ணி காட்டறவனுக்கு இந்த அளவு தெரியும். சிமெண்டுப் பாலு தடவுனா, அது காயறதுக்குள்ள கான்கிரீட் விழுந்திரோணும். தடவிட்டு டீக்கடைக்குப் போயிட்டு வந்தா, பழசுக்கும் புதுசுக்கும் நடுவுல அது காகிதம் வச்சாப்புல நிக்கும். எத்தனை ஒட்டு அப்படிப் போச்சுங்கறீங்க! டீக்கடை மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல, நானும் குடிச்சவன்தான்.

எபாக்சின்னு ஒரு பசை சொல்லுவாங்க, வெலையும் கேக்கறதுக்கு மரியாதையா இருக்கும். வெடிப்புல ஏத்தறதுக்கு நல்ல சரக்கு. ஆனா நாள் முழுக்க வெய்யல்ல கெடக்கற சறுக்குல, எபாக்சி கலந்த காரையைத் தடிமனாப் பூசாதீங்க. கான்கிரீட்டை விட அது எச்சா விரியும், எச்சா சுருங்கும். பகல்ல கொழுந்தியாளாட்டம் ஒட்டிட்டு இருக்கும், ராத்திரி குளிருக்கு ஓரத்துல வாயைத் தொறக்கும். கான்கிரீட்டுக்குச் சொந்தம் கான்கிரீட்டுதான். அந்த எட்டு மூட்டைப் பொடியை ஆழமில்லாத எடத்துக்கு வச்சுக்குங்க. ஆழமான எடத்துக்குச் சின்ன ஜல்லி போட்ட, தண்ணி கம்மியாக் கலந்த கெட்டியான கான்கிரீட்டு. கொழகொழன்னு ஊத்துனா வேலை சுளுவு, வெடிப்பும் சுளுவு.

போட்டு முடிச்சதும் நனைச்ச சாக்குப் போடுங்க. ஏழு நாளு கட்டாயம், பதினாலு நாள்னா சந்தோசம். சாக்கு காயக் கூடாது. மத்தியானம் மூணு மணிக்கு நீங்களே வந்து சாக்கைத் தொட்டுப் பாருங்க. வாட்ச்மேன் சொன்னான்னு எழுதிக்காதீங்க. அவன் நல்லவன்தான், அந்த நேரத்துக்குத் தூங்குவான்.

ஒட்டு புடிச்சுதான்னு தெரியோணுமா? ஒட்டு மேல வட்டமா, ஒட்டைத் தாண்டிப் பழைய கான்கிரீட்டு வரைக்கும் மெசினை எறக்கி அறுத்து, ஒரு இரும்பு வில்லையை ஒட்டி, இழுத்துப் பாக்கற சோதனை இருக்குது. இழுக்கறப்ப பழைய கான்கிரீட்டே பேந்து வந்துச்சுன்னா நீங்க கெட்டிக்காரரு. ஒட்டுன எடத்துலயே வழுக்கிட்டு வந்துச்சுன்னா பில்லுல கையெழுத்துப் போடாதீங்க. இந்தச் சோதனையை நம்ம பக்கம் யாரும் விரும்ப மாட்டாங்க. பொண்ணு பாத்து முடிச்சப்பறம் ஜாதகம் கேக்கற மாதிரி, சங்கடம்.

ஆனா இத்தனையும் ரெண்டாவதுங்க. மொதல்ல அந்த அஞ்சு மூக்கைத் தொறங்க. உள்ள இருக்கற வடிகால் குழாயில கேமராவை விட்டுப் பாக்கறாங்களாமா, அதை விட்டுப் பாருங்க. பலகை சந்துல தண்ணி தடுக்கற பட்டை இன்னும் இருக்குதா, உளுத்திருச்சான்னு பாருங்க. பலகைக்கு அடியில பாறையைப் புடிச்சுட்டு நிக்கற நங்கூரக் கம்பி எத்தனை, எத்தனை ஆழம்னு பழைய படத்துல இருக்கும். அந்தப் படம் ஆபீசுல ரெக்கார்டு ரூம்ல, கறையான் தின்னது போக மீதி இருக்குது. நான் ஒருக்கா பாத்திருக்கேன், நீலக் காகிதம். இதெல்லாம் சேந்து நாலு நாள் வேலை. அது முடியாம ஒரு கரணை கலவை கூடப் போடாதீங்க.

2021-ல டெல்லியில அணைப் பாதுகாப்புச் சட்டம்னு ஒண்ணு போட்டாங்களாமே. மழைக்கு முன்னால ஒருக்கா, மழைக்குப் பின்னால ஒருக்காக் கட்டாயம் பாக்கோணும்னு. பேரன் படிச்சுக் காட்டுனான். நல்ல சட்டம். அது எதுக்கு வேணும்னா, முக்கொம்பு மேலணை, 1836-ல ஆர்தர் காட்டன் கட்டுனது, 2018 ஆகஸ்ட் 22-ந்தேதி ராத்திரி கொள்ளிடத்துப் பக்கம் ஒம்பது கண்ணைத் தண்ணி அடிச்சுட்டுப் போச்சு. 182 வருசம் நின்ன கட்டடம். நிக்குதே, நின்னுட்டுத்தான் இருக்கும்னு நெனைச்சுருவோம். எனக்கும் வீட்டுல அப்படித்தான் நெனைக்கறாங்க.

என்னங்க, நெத்தியைச் சொறியறீங்க? பணம் மார்ச் 31-க்குள்ள செலவாகலைன்னா திரும்பிப் போயிருமா? அது தெரியுமுங்க. எனக்குத் தெரிஞ்சு இந்த அணையில கான்கிரீட் எல்லாம் மார்ச்சுலதான் பொறக்கும், மார்ச்சுலயே பில்லு ஆகும். வேலையை அளந்து எழுதற எம்-புக்குல பதினாலு நாள் தண்ணி ஊத்துனதா எழுதியிருக்கும். நாலு நாளுக்கு முன்னால போட்ட கான்கிரீட்டுக்கு. கணக்குல கெட்டிக்காரங்க. கான்கிரீட்டுக்குத்தான் கணக்குத் தெரியாது, அது பாட்டுக்கு மெதுவா இறுகும்.

மேலிடத்துக்கு எழுதுங்க தம்பி. பாதிப் பணத்துக்கு வடிகாலு, சோதனை, கல்லு வாரறதுன்னு இந்த மாசம் பண்றேன். ஒட்டுக்கு அடுத்த வருசத்துப் பணம் வேணும்னு எழுதுங்க. திட்டு விழும். புது ஆளுன்னு விட்டுருவாங்க. சித்திரை, வைகாசியில தண்ணி இருக்காது, நிதானமாப் போடலாம். நான் உசுரோட இருந்தா சாக்குக்குத் தண்ணி ஊத்த வர்றேன், கூலி வேண்டாம், டீ போதும்.

இன்னைக்குத் தேதி மார்ச் 7. கான்கிரீட்டு கணக்குல சொன்ன வலுவுக்கு ஏற 28 நாளு. நாளைக்கே போட்டாலும் ஏப்ரல் 5 ஆகுதுங்க.